சம்பந்தியின் கடப்பாரை

எங்கள் வீட்டு ஜீப் நிற்கும் தகரக் கொட்டகையின் மூலையில் ஒரு கடப்பாரை சாய்ந்திருக்கிறது. அது எங்களுடையது இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறி வந்தது. கொண்டுவந்தவர் என் சம்பந்தி, அதாவது என் மகளைக் கட்டிய பையனின் அப்பா. இப்போது அப்படிச் சொல்லக் கூடாது. பிள்ளைகள் பிரிந்து, கோர்ட்டிலும் முடிந்துவிட்டது. ஆனால் அவரைக் குறிக்க எனக்கு வேறு சொல் கிடையாது. ஒரு நாளும் அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்தபோதுதான் அவரை நிதானமாகப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தறிக்கூடம் வைத்திருந்தார். மாப்பிள்ளையைப் பெற்றவர் என்ற தோரணை மருந்துக்குக்கூட இல்லை. சாப்பாடு முடிந்ததும் அவரை பஸ் ஸ்டாண்டில் விட ஜீப்பை எடுத்தேன். மம்சாபுரம் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்காக நான் பழசாக வாங்கிய வண்டி அது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அடியிலிருந்து கிரீச்சென்று கத்தும். எனக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை.

“தறிச் சத்தத்துல என் காது பாதி போயிருச்சு சம்பந்தி. மிச்சப் பாதிய ஒங்க வண்டி கொண்டுபோயிரும் போலயே,” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றார். கையில் பேண்டேஜ் துணி சுற்றிய கடப்பாரை. “கடப்பாரையோட எங்க அண்ணாச்சி போறீய?” என்று கண்டக்டர் கேட்டாராம். “சம்பந்தி வீட்டுக்கு” என்று இவர் சொன்னதும் பஸ்ஸே சிரித்ததாம். அதைச் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

ஜீப்புக்கு ஸ்பிரிங் என்பது அச்சின் மேல் வில்லாக வளைந்து கிடக்கும் இரும்புப் பட்டைகள்தான். பட்டையின் முனையில் ஒரு வளையம், அதற்குள் ரப்பர் புஷ், நடுவில் ஒரு போல்ட். ரப்பர் தேய்ந்தால் இரும்பும் இரும்பும் உரசிக் கத்தும். கழற்றுவது பெரிய காரியமில்லை. புது ரப்பரைப் போட்டுத் திரும்ப மாட்டும்போதுதான் உயிர் போகும். வளையத்தின் ஓட்டையும் வண்டியின் ஓட்டையும் ஒன்றையொன்று பார்க்காது. ஒருவர் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க, கீழே படுத்திருப்பவர் போல்ட்டைத் தட்டி ஏற்ற வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அரை நாளில் தந்துவிடுவார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேருக்கும் தொழில் தெரியாது. ஆசை மட்டும் இருந்தது.

காபி கொண்டுவந்த என் மனைவி, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்கள் யாருடையவை என்று தெரிந்ததும் பதறிப்போனாள். “மாப்பிள்ளையோட அப்பாவப் புழுதியில படுக்க வச்சிருக்கீயளே! வெளிய தெரிஞ்சா நம்மளக் காறித் துப்புவாக.” அன்றே ஓர் ஏற்பாடு வந்தது. பெண்ணைக் கொடுத்த நான் கீழே படுப்பது, பையனைப் பெற்ற அவர் கடப்பாரையோடு நிற்பது. மரியாதை காப்பாற்றப்பட்டது. நான் “இன்னும் செத்த, இன்னும் செத்த” என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பேன். அவர் மூச்சைப் பிடித்து அமுக்குவார். போல்ட் ஏறியதும் “போதும் சம்பந்தி, விடுங்க” என்பேன். கடப்பாரை தரையில் விழும் சத்தமும் அவர் சிரிப்பும் ஒன்றாகக் கேட்கும்.

முதல் தடவை ஒரு தப்புச் செய்தோம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டுகளை எல்லாம் முழுக்க முறுக்கிவிட்டோம். வண்டியை இறக்கி, அதன் பாரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துபோகும். கிழிந்தது. சில மாதத்திலேயே பழைய கிரீச் திரும்பி வந்தது. நான் போன் செய்தேன். “சம்பந்தி, சத்தம் வருது.” அவர் சொன்னது ஒரே சொல். “வாரேன்.” அதன் பிறகு அதுவே வழக்கமாகி, கடப்பாரையும் எங்கள் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கத்தும். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். வேலையை விட்டு ஓய்வு பெற்றபின் என்னைத் தேடி வீட்டுக்கு வந்த ஒரே ஆள் அவர்.

பிள்ளைகளுக்குள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதப் போவதில்லை. எனக்கே முழுக்கத் தெரியாது. செய்தி வந்த அன்று அவரே போன் செய்தார். “ரெண்டும் நல்ல பிள்ளைகதான் சம்பந்தி. சேரல,” என்றார். நாங்கள் போனில் பேசியது அதுதான் கடைசி. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நகை, பாத்திரம், பட்டு எல்லாம் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போயின. “அவிய வீட்டுத் துரும்புகூட இங்க இருக்கப்படாது,” என்று என் மனைவி கல்யாணப் போட்டோவைக்கூட மூட்டை கட்டினாள். அவள் கோபம் அவளுக்கு, பெற்ற வயிறு. கொட்டகைப் பக்கம் அவள் வரவில்லை, நானும் கடப்பாரையை நினைவூட்டவில்லை.

போன புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை, பெருமாள் இருக்கிற எங்கள் ஊர்த் திருவண்ணாமலை. கூட்டத்தில் நான் படி ஏறுகிறேன், அவர் இறங்கி வருகிறார். அவர் மனைவி இரண்டு படி முன்னால் போய்விட்டார். சம்பந்தி என்று கூப்பிட வாய் வந்தது. அந்த உறவு இப்போது இல்லை. ஊரில் எல்லோரையும் கூப்பிடுவதுபோல அண்ணாச்சி என்று கூப்பிட மனம் வரவில்லை. அவருக்கும் அதே திண்டாட்டம் போலிருக்கிறது. எந்த முறையும் சொல்லாமல் கேட்டார்.

“சத்தம் வருதா?”

“இல்ல. நல்லா ஓடுது,” என்றேன். உண்மை அதுதான். அவர் முகம் வாடியது. “நல்லது” என்று இறங்கிப்போய்விட்டார். சாமி கும்பிடும்போதும் எனக்கு அந்த முகம்தான்.

ஐப்பசி மழையில் பாதை குண்டும் குழியுமாகி, சத்தம் மறுபடி வந்துவிட்டது. இரண்டு பக்கமும். போனை எடுத்து அவர் எண்வரைக்கும் போய்த் திரும்பினேன். மகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் பழைய சம்பந்தி வீட்டுக்கு வந்துபோகிறார் என்றால், கேட்கிறவர்கள் ஆயிரம் கேட்பார்கள். பாதிப்பு என் மகளுக்கு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அந்த மனிதரைத் தேடுகிறது. இந்த வயதில் ஒரு சிநேகிதம் கிடைத்து, அதை யாரோ போட்ட கையெழுத்தில் இழப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

நேற்றுத் தனியாகவே இறங்கினேன். இடப்பக்கம் கழற்றிப் புது ரப்பர் போட்டாயிற்று. போல்ட் ஒரு நகக்கண் அளவு தள்ளி நின்றது. கடப்பாரையை அமுக்கி அதன் நுனியைக் கயிற்றால் கல்தூணோடு கட்டிவிட்டு அடியில் நுழைந்தேன். போதவில்லை. கயிற்றிடம் இன்னும் செத்த என்று சொன்னால் அதற்குக் கேட்குமா? வெளியே வந்து இறுக்கி, உள்ளே போய்ப் பார்த்து, மறுபடி வெளியே வந்து இறுக்கி, முதுகெல்லாம் மண். கடைசியில் ஒரு தட்டில் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“போதும் சம்பந்தி, விடுங்க.”

என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடப்பாரை விழவில்லை. கயிறு அதைப் பிடித்துக்கொண்டே நின்றது.

வெளியே வந்தபோது என் மனைவி கொட்டகை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து வண்டியை இறக்கி, பாரம் உட்கார்ந்தபின் கடைசி முறுக்கும் முறுக்கினேன்.

“சரியாப்போச்சா?”

“இடப்பக்கம் முடிஞ்சது. வலப்பக்கம் சத்தம் வரும்.”

“அதையும் இதே மாதிரி கட்டிவச்சுப் போட்டுர வேண்டியதுதான?”

“முடியாது. அதுக்கு ஆள் வேணும்.”

வலப்பக்கத்துக்கான புது ரப்பரை உறையைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கடப்பாரையை எடுத்து மூலையில் சாய்த்தேன். இதை ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று இப்போது கேட்பாள், பதில் சொல்லியாக வேண்டும் என்று நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அதத் தொடச்சு எண்ண போட்டு வையுங்க. துருப்பிடிச்சிரப் போகுது. அவிய பொருளு.”