மண்டபத்தில் சாப்பிட்ட மத்தியானம்

அந்தப் படிவம் நான்கு பக்கம். மேலே இந்தி, கீழே ஆங்கிலம். ஓரத்தில் என் மச்சான் ஒட்டிய போட்டோவின் பசை இன்னும் காயவில்லை. கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருந்த என் டைப்பிங் கடையில் அப்போது வேறு ஆள் இல்லை. பன்னிரண்டாவது கேள்வியில் மச்சான் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை விட்டு நான் இன்றுவரை எழுந்து போகவில்லை.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரன், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அவன் பேச ஆரம்பித்தால் கடைக்கு வந்தவர்கள் மனுவை மறந்துவிட்டுக் கேட்பார்கள். "பௌர்ணமி அன்னிக்கு மட்டும்தான் நம்ம ஊரு இருக்குது மாமா. மத்த நாள்ல டிரைவருங்க கண்ணுக்கு வெறும் புளியமரம்தான் தெரியுது" என்பான். பஸ் நிற்காத கோபம் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அந்தக் கோபம் முற்றி, ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ் எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தது. மறியல் என்றால் இதுதான் வழக்கம். பேரும் ஊரும் எழுதிக்கொள்வார்கள், மத்தியானம் சோறு வரும், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மணமக்களை வரவேற்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் தின்ற கதையை மச்சான் வருஷக்கணக்கில் சொன்னான். "எல்லாம் இருந்துச்சு மாமா, பொண்ணு மட்டும்தான் இல்ல." நாங்களும் சிரித்தோம். அதற்குக் கைது என்று பேர் இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவனுக்கு வேலை கிடைத்தது. ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை. உள்ளே வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் விசாரித்துச் சொன்ன பிறகுதான் அங்கே வேலை நிலைக்கும். நான் எட்டாவதோடு நின்றவன். ஊரார் மனுக்களை அடித்து அடித்தே ஆங்கிலம் பிடித்தவன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கேள்வியைத் தமிழில் சொன்னேன்: எப்போதாவது கைதானதுண்டா, காவலில் இருந்ததுண்டா, வழக்கு ஏதும் உண்டா.

"மாமா, அந்த மண்டபம் இதுல வருமா?"

"சாப்புட்டுட்டு வந்ததெல்லாம் கைதாடா? இல்லன்னு போடு."

"போட்டுடவா?"

இரண்டாம் தரமும் கேட்டானே, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. போடு என்று கையை ஆட்டினேன்.

ஏழு மாசம் வேலை பார்த்தான். போட்டோ ஒட்டிய பாஸை லீவில் வரும்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். பிறகு ஒரு கடிதம் வந்தது. உண்மையை மறைத்ததால் பணிநீக்கம். ஸ்டேஷன் பதிவேட்டில் அந்த மறியல் ஒரு வழக்காகவே இருந்திருக்கிறது. ஆறாவது பேர் அவனுடையது. இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் பேசினார். "பஸ்சுக்காக ரோட்டுல உக்காந்த பையன், வேற ஒண்ணும் இல்லன்னு நானே எழுதியிருப்பேன் தம்பி. நீ இல்லவே இல்லன்னு எழுதிட்டியே. பொய் சொன்னவன எப்படி உள்ள வெச்சுப்பாங்க?"

ரோட்டில் உட்கார்ந்ததை அரசாங்கம் மன்னித்திருக்கும். என் ஒரு சொல்லை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மேல்முறையீட்டு மனுக்களை நானே அடித்தேன், ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இப்போது செங்கம் ரோட்டில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். பேச்சுதான் கம்மியாகிவிட்டது. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் ஏதோ தொழிற்சாலையைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரிக்குப் பழைய ஆற்றாமை கிளம்பிவிட்டது.

"அன்னிக்கு மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா? இதையே தொழிலா வெச்சிருந்த மனுஷன் வீட்டுலயே இருந்தாரே."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோணலக்கா" என்றான் மச்சான். ரசத்துக்காகச் சோற்றைக் குழித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.