அத்தானின் இரண்டாம் குரல்

எங்கள் அத்தான் கியூபாவின் சாண்டியாகோ நகரில் பிறந்தவர். அங்கே நடனத்துக்குப் பாடும்போது இருவர் சேர்ந்து பாடுவார்கள். முதற்குரல் மெட்டைச் சுமக்கும். இரண்டாம் குரல் சற்றுக் கீழே துணையாகச் செல்லும். அவருடைய அண்ணன் முதற்குரல், அத்தான் இரண்டாம் குரல். அந்த அண்ணனை விட்டுவிட்டு இளவயதில் அமெரிக்கா வந்தவர், நியூ ஜெர்சி யூனியன் சிட்டியில் வாரமெல்லாம் பூத்தையல் ஆலையில் உழைத்தார். சனிக்கிழமைகளில் நடன அரங்கில் பாடினார். நர்ஸாக வந்திருந்த என் அக்காவை அங்கேதான் மணந்தார். எங்கள் வீட்டார் இரண்டு ஆண்டுகள் கடிதம் போடவில்லை. அவர் அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டார்.

அரங்கில் எத்தனையோ பேர் அவருடன் முதற்குரல் பாடினார்கள். நம் விசேஷங்களில் தனியாகப் பாடச் சொன்னாலும் இரண்டாம் குரலை மட்டுமே பாடுவார். ஐசலினில் ஒரு வளைகாப்பில் ஓர் ஆன்ட்டி, "வாய்ஸ் நல்லாத்தான் இருக்கு, ட்யூனைத்தான் காணோம்" என்றார்.

"ட்யூன் அண்ணன்கிட்ட இருக்கு ஆன்ட்டி, சாண்டியாகோல" என்றார் அத்தான்.

தொண்ணூறுகளின் இறுதியில் அந்த அண்ணனுக்கு நோய் முற்றியதாகக் கடிதம் வந்தது. கூடவே மருத்துவச் சான்றின் நகல். ஒருமுறையாவது சேர்ந்து பாடிவிட வேண்டும் என்றார் அத்தான். அமெரிக்காவிலிருந்து கியூபா போக அரசின் அனுமதி வேண்டும்; அரங்க நண்பர்கள் அது இல்லாமலே மெக்சிகோ வழியாகப் போய்வரச் சொன்னார்கள். ஊரில் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்று அக்காவிடம் வந்திருந்த நான் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? பயண அனுமதி விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். முத்திரையிட்ட மூலச்சான்று வரட்டும் என்று உறையை ஒட்டாமல் வைத்தேன். மூலம் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

"டேய், சீல் முக்கியமா, மனுஷன் முக்கியமா? அனுப்பித் தொலைடா" என்றார் அக்கா.

"ரிஜெக்ட் பண்ணிட்டா என்னக்கா செய்வே?" என்றேன்.

மூலச்சான்று தெளிவான முத்திரையுடன் வந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பே அண்ணன் இறந்த செய்தி வந்துவிட்டது.

"விடு மச்சான், நல்லதுக்குத்தானே செஞ்சே" என்று என் தோளைத் தட்டினார் அத்தான். அதன்பின் அவர் அரங்குக்குப் போகவில்லை. ஓராண்டு கழித்து அவருடைய இதயமும் ஓய்ந்தது.

இறுதிச் சடங்கன்று அரங்க நண்பர்கள் கிதாருடன் வந்தார்கள். முதற்குரலை மட்டும் பாடினார்கள். இரண்டாம் குரலுக்கு ஆள் நிறுத்தவில்லை. இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் எங்கள் உறவினர் பலருக்கு மெட்டு கேட்டது.

அந்த நண்பர்களுக்கும், மருத்துவமனையில் அக்காவுடன் முறை வைத்து உட்கார்ந்த பெண்களுக்கும், பதின்மூன்று நாளும் சமைத்து அனுப்பிய மான்மவுத் ஜங்ஷன் குடும்பங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அத்தான் என்னை மன்னித்தார். அக்காவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.