கொள்ளிக்கு உரியவன்

அப்பாவுக்குச் சோழர் பைத்தியம். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். சிட்னிக்கு வந்தபின் படிப்பிக்கப் பிள்ளைகள் அகப்படாமல், டூங்கபியில் மாதம் ஒருமுறை கூடும் மூத்தோர் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பாவம் அந்தக் கிழடுகள், தேத்தண்ணிக்கு வந்து சோழரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

அவர் திரும்பத் திரும்பப் பேசியது ஒரே கதைதான். சோழரின் ஆண்வழி அற்றுப்போன காலத்தில் மகள்வழிப் பேரன் ஒருவன் வந்து பட்டம் ஏறினான். தகப்பன் வழியில் அவன் சாளுக்கியன். அவனைச் சோழன் என்பதா, இல்லையா?

முன்வரிசையில் மாமி இருப்பார், அப்பாவின் ஒரே தங்கச்சி. என்ன முடி சூட்டினாலும் தகப்பன் வழிதான் வழி, அவன் சோழனே இல்லை என்று அடித்துச் சொல்வார். அப்பாவும் விடமாட்டார்.

“நாட்டுச் சனம் அவனை என்னெண்டு கூப்பிட்டது? சோழன் எண்டுதானே. பிறகென்ன?”

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்வரிசையில் இருப்பேன். என்னைப் பெற்ற தகப்பன் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போனார். அப்பா அம்மாவைக் கட்டியபோது எனக்கு நாலு வயது. தம்பி அதற்குப் பிறகு பிறந்தவன். வீட்டில் ஒருவரும் இதை ஒளிக்கவுமில்லை, வாய்விட்டுப் பேசவுமில்லை. அந்த அரசனைப் பற்றிய சண்டையில் மட்டும் அது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

போன குளிர்காலத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசிப் பிள்ளை. அம்மா போனபோது தம்பிதான் வைத்தான், அதில் யாருக்கும் கேள்வி வரவில்லை. அதனால் நானும் ஒருவரையும் கேட்காமல், விடிந்ததும் குளியலறையில் நின்று, கொள்ளி வைப்பவன் செய்வதுபோல மீசையை மழித்துவிட்டேன்.

குசினிக்குள் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றபோது மாமி வந்து என் கையைப் பிடித்தார். மழித்த முகத்தைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

“குறை நினையாதை மோனை. நீ எங்கட பிள்ளைதான். ஆனா என்ர அண்ணை கரை சேரவேணும். அவற்ற இரத்தம் கொள்ளி வைச்சாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியது எந்த இரத்தம் என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் மாமி பிடித்த கையை விடவில்லை. கெட்ட எண்ணத்தில் சொன்ன ஆளாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். அவரோ உண்மையிலேயே பயந்துபோய் நின்றார். தம்பி வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

தம்பி மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருக்கிறான். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவனைப் பார்த்தேன். அவனுக்கும் மீசை இல்லை. மாமி முதல்நாள் இரவே அவனுக்கு போன் எடுத்திருக்கிறார். ஒரு சிம்மாசனத்துக்கு இரண்டு பேர் முடிசூடி வந்ததுபோல நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். மீசை போனபின் இரண்டு முகத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது பச்சையாகத் தெரிந்தது.

காருக்குள் ஏறியதும், நீயே வை, எனக்கு ஒன்றுமில்லை என்றேன். பொய்தான். நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

அவன் பெல்ட்டைக்கூடப் போடாமல் அப்படியே இருந்தான்.

“மாமி அழுதவா எண்டு வழிச்சுப்போட்டன். பிளேன்ல வரேக்க முழுக்க அதே யோசினை. நீ இருக்கேக்க நான் எப்பிடி அண்ணை வைக்கிறது? அப்பா என்னை என்ன நினைப்பார்?”

அதன்பிறகு விம்மி விம்மி அழுதான். வீட்டுக்கு வந்து, அண்ணைதான் வைக்கவேணும் என்று மாமியிடம் அவனே சொன்னான். மாமி கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். செத்தவீட்டுக்கு வருவாரோ மாட்டாரோ என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

வந்தார். கடைசி வரிசையில், சனத்துக்குப் பின்னால் நின்றார். நான் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாவின் பெட்டியைச் சுற்றினேன். இந்த நாட்டில் கொள்ளி என்பது ஒரு பட்டன்தான். காட்டிய இடத்தில் அழுத்தினேன். பெட்டி உள்ளே போனது.

வெளியே வந்தபோது மாமி என்னை நோக்கி வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிட்ட வந்து என் தோளைப் பிடித்தார்.

“பின்னால நிண்டு பார்த்தனான். என்ர அண்ணை நடக்கிறமாதிரியே நடந்தாய், மோனை.”

சொல்லி முடிக்க முன்னமே உடைந்துபோனார். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்குப் பின்னால்தானே நடந்தேன், வேறு எப்படி நடப்பேன் மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா செத்ததற்கு நான் அப்போதுதான் அழுதேன்.