தாளிக்காத படகு

வெள்ளிக்கிழமை காலை. லீவு நாளின் சோம்பலோடு துபாய் சத்வா பகுதியில் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சர்வே படகை ஓட்டும் மலையாளத்து அண்ணன் ஹம்சாக்கா போன் செய்தார். "அண்ணாச்சி கலாஸ், சாரே. ரூமில், ஒறக்கத்தில்..." தூத்துக்குடி சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார். ஊருக்குப் போகாமலே போய்விட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். துபாய்க் கரையோரம் கடலில் மணலைக் கொட்டித் தீவு உண்டாக்கிய அந்த வருடங்களில், ஆழம் அளக்கும் எங்கள் படகுக்கு அவர்தான் தலைமை. நேற்று அலை புரண்ட இடத்தில் இன்று கால் ஊன்றி நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "கடல்ல மண்ண உண்டாக்கிட்டோம்டே! பிரம்மாவுக்கு அடுத்து நாமதாம்" என்பார். எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. இருக்காதா பின்னே?

படகில், தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்று உண்டு. மணல் கொட்டுவதற்கு முன் ஒருநாள் அதை இறக்கி, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். கடலுக்கடியில் யாரோ ஓயாமல் கடுகு தாளிப்பது போல இருந்தது. "பொடி இறாலுடே. கொடுக்கால சொடுக்குது. கீழ பூராவும் உசிரு."

மணல் கொட்டிய பிறகு அதே பக்கம் மறுபடி இறக்கினோம். ஒன்றுமே இல்லை. அண்ணாச்சி மைக்கை மேலே இழுத்து விரலால் தட்டினார். தட்டுவது துல்லியமாகக் கேட்டது. திரும்ப இறக்கினார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது, கீழேதான் யாரும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அலைத்தடுப்புப் பாறைகளில் அந்த உயிர்களெல்லாம் மறுபடி வந்து ஒட்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். அண்ணாச்சி அதை நம்பினார். சாப்பாட்டு வேளை வந்தால் படகைப் பாறையோரம் நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்து உட்கார்ந்துவிடுவார். ரிட்டையராகும் வயதும் தாண்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து அண்ணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "சத்தம் திரும்பட்டும், வாரேன்" என்பதுதான் இவர் பதில்.

ஒருநாள், "வந்துட்டுடே! வந்துட்டு!" என்று கத்தினார். கண்ணெல்லாம் தண்ணீர். ஹெட்போனை வாங்கி மாட்டினேன். ஆமாம், பொரிகிறது! ஆனால் அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். ஹெட்போன் என்னிடம் இருக்க, வெறும் காதிலும் அவருக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பினார். பின்னால் ஹம்சாக்கா ஸ்டவ்வில் கடுகு போட்டிருந்தார். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றோடு படகில் தாளிப்புக்குத் தடை. "என்ன அண்ணாச்சி, துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி தாளிக்காத சாம்பார்?" கேலியாகத்தான் கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்ன இது என்ன வீடுடே?"

பிறகு அவரே சொன்னார்: "உண்டாக்குறது தப்பில்ல. ஒலகம் பூரா கரையில உண்டாக்கிட்டுத்தான் இருக்கானுவ. அங்க முன்னாலயே என்ன உண்டாகியிருக்குன்னு ஒருத்தனும் காது குடுக்க மாட்டேங்கானே."

உடலை ஊருக்கு அனுப்பினோம். காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி போன் செய்தார். "அந்தச் சத்தம் வந்துச்சா தம்பி?"

"இல்லண்ணி."

"அது வந்தாத்தான் வருவேன்னாக. அது வராமலே வந்துட்டாகளே."

அந்த மைக் கம்பெனியில் இருக்கிறது. அவர் காதைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். சமையலறையில் கடுகு வெடித்தால் என் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. என் மனைவி இப்போதெல்லாம் ஏன் என்று கேட்பதில்லை. வெடித்து ஓய்ந்ததும் சற்று நேரம் ஓர் அமைதி வருமே, அதில் யாரோ மைக்கை விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.