உப்பு மாவில் ஏழு கைகள்

நான் ஏர்கோன் பழுது பார்ப்பவன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் பதினைந்து வருடமாக இதே வேலை. நான் பழகும் இயந்திரங்கள் ஓடும் அல்லது ஓடாது. ஓடாவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட மனிதர்களில் எனக்குத் தெரிந்தவன் என் மகன் ஒருவன்தான். அவனையும் அவன் அம்மா மூலமாகத்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் என் மனைவி பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. எங்கள் சபையில் மிகச் சின்னப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளைப் பின்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அவள் காலுக்காகக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார்.

“பிரதர், நாலே நாலு ஞாயிறுதான். சின்னப் பிள்ளைங்கதானே.”

“பாஸ்டர், எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.”

“இவர் பார்த்துக்குவார் பாஸ்டர்,” என்றாள் மனைவி, மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நகர்த்தியபடி.

மொத்தம் ஏழு பேர், என் மகனையும் சேர்த்து. முதல் ஞாயிறு எப்படி முடிந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒருவன் அழுதான், அதைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் அழுதார்கள். அழாதது ஒரே ஒரு பெண்பிள்ளை. வலது கையை இறுக மூடிக்கொண்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து, என்னை ஒரு மணி நேரம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதவர்களைவிட அவளைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு அன்று இந்தப் பிள்ளைகள் சபை முன்னால் போய் நின்று, தங்கள் கையால் செய்த பரிசை அப்பா அம்மாவிடம் கொடுப்பது வழக்கம். போன வருடம் பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி. இந்த வருடம் உப்பு மாவில் கை அச்சு என்று மனைவி முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள்.

“ரெண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணி. பூரி மாவு மாதிரி பெசஞ்சு, தட்டி, பிள்ளைங்க கைய வச்சு அமுக்கணும். மேல ஓட்டை போட மறந்துடாதீங்க, ரிப்பன் கட்டணும். காஞ்சதும் கல்லு மாதிரி ஆயிரும். அவ்ளோதான்.”

ஐந்து வேலைகள், அதில் ஒன்றுகூடக் கஷ்டமானதில்லை. இரண்டாவது ஞாயிறு மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடுதான் போனேன்.

மாவை மேசையில் வைத்ததும் எல்லோரும் அதைத் தின்றார்கள்.

உப்பு அவ்வளவு இருக்கிறதே, ஒரு வாய்க்குமேல் போகாது என்று நினைத்தேன். மூன்று பேர் துப்பினார்கள். சிவப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் முகத்தைச் சுளித்து, கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு, மறுபடியும் கையை நீட்டினான்.

“அங்கிள், இன்னும்.”

மனைவிக்குப் போன் போட்டேன். “மாவ திங்கிறாங்க. என்ன செய்றது?”

“தண்ணி குடுங்க. நீங்க ஏன் மொத்தத்தையும் மேசைல வச்சீங்க? ஒருத்தருக்கு ஒரு உருண்டைதான் குடுக்கணும்.”

“அத நீ சொல்லவே இல்லையே.”

“அதெல்லாமா சொல்லுவாங்க?”

ஒருவழியாக ஒவ்வொருவராக மடியில் உட்கார வைத்து, கையைப் பிடித்து மாவில் அழுத்தினேன். பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. மாவின் குளிர்ச்சி பட்டதும் விரல்கள் மடங்கின. ஒருவன் அழுத்திய கையை நகர்த்தி மறுபடி அழுத்தியதில் அச்சில் ஆறு விரல்கள் விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி செய்ய அவன் சம்மதிக்கவில்லை. இன்னொருத்தியின் அச்சில் கையோடு சேர்த்து மூக்கும் பதிந்திருந்தது. அதை மட்டும் விரலால் தேய்த்துச் சரி செய்தேன்.

கடைசியாக அந்த மூடிய கைக்காரி.

“கைய தொறக்கிறியாமா? இங்க பாரு, எல்லாரும் வச்சிட்டாங்க.”

தலையை ஆட்டினாள்.

“இடது கை?”

இடது கையையும் மூடிக்கொண்டாள்.

பிஸ்கட் காட்டினேன். இடது கையை மட்டும் திறந்து வாங்கிக்கொண்டு உடனே மூடிக்கொண்டாள். வலது கை அசையவில்லை. அந்தப் பக்கம் ஆராதனையில் கடைசிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எந்த நேரத்திலும் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். அப்போது என் மகன் என் முழங்கையைத் தட்டி, “அப்பா, நான்,” என்றான். அவனுக்கு மாவில் கை வைப்பது மிகவும் பிடித்திருந்தது.

நான் செய்தது தப்புதான். அவன் கையை ஏழாவது உருண்டையிலும் அழுத்தினேன். அந்தப் பெண்பிள்ளை பிஸ்கட்டைக் கடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சி இரண்டரை வயது, அதிகம் பேசாதவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

மாவு காய வேண்டும். ஆனால் டிசம்பர் மாத ஜொகூரில் எதுவும் காயாது. திங்கள் மழை, செவ்வாய் மழை. புதன்கிழமை தொட்டுப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. வீட்டு அடுப்பில் வைத்தால் உப்பி வெடிக்கும் என்று மனைவி சொன்னாள். சனிக்கிழமை காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏர்கோன் அறையைக் குளிர்விக்கும்போது வெளியே இருக்கும் கம்ப்ரசர் சூடான காற்றைத் தள்ளும். எங்கள் வீட்டு கம்ப்ரசர் பின்வாசல் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்கு எதிரே ஒரு மேசை போட்டு ஏழு கைகளையும் வரிசையாக வைத்தேன்.

அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரசர் வேகம் குறைந்துவிட்டது. அறை குளிர்ந்தால் சூட்டுக் காற்று வராது. அதனால் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

உள்ளே படுத்திருந்த மனைவி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

“என்னங்க, ஏர்கோன் போட்டுட்டு ஜன்னல தொறக்காத, கம்ப்ரசர் கெட்டுரும்னு ஆறு வருஷமா என்னைத் திட்டுனது யாரு?”

நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தேன். தொழிலில் பதினைந்து வருடம் எல்லா வீட்டிலும் சொல்லி வந்த அறிவுரை அது.

மதியத்துக்குள் மேல்பக்கம் நன்றாகக் காய்ந்துவிட்டது. பெருமையாக இருந்தது. அடிப்பக்கமும் காய வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் திருப்பிப்போட ஆரம்பித்தேன். அச்சுகளுக்குக் கீழே கேக் சுடும் தாள் விரித்திருந்தேன். யாருடைய கை என்று பேர் எழுதியிருந்தது அந்தத் தாள்களில்தான். மாவைத் தூக்கி, தாளை உரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனேன். ஏழாவதை உரித்துவிட்டுத் திரும்பினால் ஒரு தாளும் இல்லை. கம்ப்ரசர் காற்று எல்லாவற்றையும் பின்சந்துக் கால்வாயில் சேர்த்திருந்தது. மழைத்தண்ணீரில் ஏழு பெயர்களும் வரிசையாக மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அலமாக்,” என்று தலையில் கை வைத்தாள் மனைவி, விஷயத்தைக் கேட்டுவிட்டு. பிறகு, ஏழாவது கை பற்றியும் சொன்னேன். இந்த முறை அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு பிரச்சினையை முறைப்படி அணுகினால் தீர்வு கிடைக்கும் என்று நம்புகிறவன் நான். இரண்டு அச்சுகள் என் மகனுடையவை, ஆகவே ஏழில் இரண்டு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பார்த்தேன். மூன்று ஜோடிகள் ஒரே மாதிரி இருந்தன. மறுநாள், மூன்றாவது ஞாயிறு, குழாய் கனம் அளக்கும் வெர்னியர் அளவியை வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளின் விரல்களை அளக்க முயன்றேன். சிவப்புச் சட்டைக்காரன் அளவியை வாயில் வைத்தான். மாவும் காய்ந்து சுருங்கியிருந்தது, யாருடைய விரலும் எதிலும் பொருந்தவில்லை. அளவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளை வர்ணம் பூச விட்டேன். யார் எதற்குப் பூசினார்களோ அது அவர்களுடையது. கைமூடிக்காரி இடது கையால் கடைசியாக மிஞ்சிய ஒன்றுக்கு முழுவதும் பச்சை பூசினாள்.

நாலாவது ஞாயிறு சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் முன்னால் போய் ரிப்பன் கட்டிய அச்சுகளைக் கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தாய் அச்சைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டார். “அவங்க அப்பா விரலு அப்படியே. சுண்டு விரல் வளைஞ்சிருக்கு பாருங்க,” என்று பக்கத்து வரிசைக்குக் காட்டினார். அந்த அப்பாவும் தன் சுண்டு விரலைப் பார்த்துத் தலையாட்டினார். ஆறு விரல் அச்சு ஒரு பெண்பிள்ளையின் பெற்றோருக்குப் போயிருந்தது. அதைச் செய்தது ஒரு பையன் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். “ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. கைய ஆட்டியிருக்கா பாரு. இது அவளேதான்,” என்று சிரித்தார் அந்தத் தாய்.

எங்களுக்கு வந்ததை என் மனைவி உட்கார்ந்த இடத்தில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“இது நம்ம பையன் கையா?” என்று நான் பிறகு கேட்டேன்.

“தெரியல. அப்படின்னே வச்சுக்கலாம்.”

ஆராதனை முடிந்து எல்லோரும் மீஹூன், அதாவது அரிசி சேமியா, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய ஆள் என்னிடம் வந்தார். டயர் கடை வைத்திருப்பவர். எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு நகங்கள். அந்தக் கையில் பச்சை அச்சு இருந்தது.

“பிரதர், தப்பா நெனச்சுக்காதீங்க. இது எம்பொண்ணு கை இல்ல.”

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். “எப்படி சொல்றீங்க?”

“அவளுக்கு மோதிர வெரல் குட்ட. சுண்டு வெரலும் அதுவும் ஒரே உசரம். தெனமும் அந்தக் கைய நான்தான கழுவி விடுறேன்.”

ஏழு குடும்பத்தில் ஒருவர்தான் கேட்டார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய கை, பிஸ்கட், என் மகன், கம்ப்ரசர் எல்லாம். கம்ப்ரசர் கதைக்கு வந்தபோது அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் அச்சு கையிலிருந்து விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

“அவ கைய தொறக்க மாட்டா பிரதர். அவ அம்மா சிங்கப்பூர் ஆஸ்பத்திரில நர்சு. ஞாயித்துக்கெழமையும் ஷிப்ட் வரும். பாலம் தாண்டிப் போகணும், விடியறதுக்கு முன்னாடி கெளம்பிடுவாங்க. அம்மாவோட தலமுடி ரப்பர் பேண்ட் ஒன்னு இருக்கு, அத புடிச்சுக்குவா. அம்மா வீட்டுக்கு வர்ற வரைக்கும் விடமாட்டா. குளிக்கிறப்ப மட்டும் என்கிட்ட குடுப்பா. அதுவும் நான் பத்திரமா கைல புடிச்சுட்டு நிக்கணும்.”

அன்று அவர் மனைவிக்கு விடுப்பு கிடைத்திருந்ததால் அந்த அம்மாவும் வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி, மகளுக்கு மீஹூன் ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் இரண்டு கைகளும் விரிந்திருந்தன, பத்து விரலிலும் மீஹூன். நான் நாலு வாரமாகப் பார்க்காத அந்த உள்ளங்கையை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். அன்றைக்கு அந்த மூடிய கைக்கு நேராக பிஸ்கட்டை ஆட்டியது ஞாபகம் வந்தது.

“சாயங்காலம் வீட்டுக்கு வாங்க,” என்றேன். “மாவு நான் பெசஞ்சு வைக்கிறேன்.”

மூன்று பேரும் வந்தார்கள். எங்கள் சமையலறை மேசையில் என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை செய்ய, நான் ஒரே ஒரு உருண்டையை மட்டும் வெளியே வைத்தேன். நர்ஸ் அம்மா மகளை மடியில் வைத்துக்கொண்டு, “இங்க வைமா,” என்றார். அவள் வைத்தாள். எந்தச் சண்டையும் இல்லை, மூன்று விநாடி வேலை. கையை எடுத்ததும் அவள் அப்பா குனிந்து பார்த்து, “பாத்தீங்களா, மோதிர வெரல்,” என்றார். உண்மைதான். அந்தப் பிள்ளை கையைத் துடைக்க வந்த என்னைப் பார்த்து, நாலு வாரத்தில் முதல் வார்த்தையாக, “அங்கிள் மாவு திங்காத,” என்றாள்.

காய வைப்பதற்கு என் முறையை டயர் கடைக்காரரிடம் விளக்கினேன். அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. “எங்கிட்ட காத்து இருக்கு பிரதர், கவலப்படாதீங்க,” என்று ஈர அச்சைத் தட்டோடு எடுத்துப் போனார். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை அதன்மேல் பிடித்திருக்கிறார். அச்சு குறுக்கே வெடித்துவிட்டது. அதற்கும் அவர் அசரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை போனுக்கு ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தச் சின்னக் கை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு இருக்கும் இடத்தில், வெடிப்பின்மேல், டியூபுக்குப் போடும் கறுப்பு வட்ட ஒட்டு ஒன்று. படத்துக்குக் கீழே, இனிமேல் இது பஞ்சர் ஆகாது என்று எழுதியிருந்தார்.

மற்ற ஆறு வீட்டுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று மனைவியைக் கேட்டேன்.

“சும்மா இருங்க லா,” என்றாள். “அவங்க சந்தோஷமா இருக்காங்க.”