பி.பி. இறங்காத மெஷின்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோடை. தேதியைக் குறித்து வைக்கத் தவறிவிட்டேன். மாங்காய் சீசன் என்பது மட்டும் உறுதி. திருப்பதியில் ஓர் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியனாக இருந்தேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"புத்தூர் பக்கம் ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்குப்பா."

"லீக்கா சார்?"

"லேது. பி.பி. இறங்கலையாம்."

"யாருக்கு?"

"வாங்கினவருக்கு."

வாங்கினவர் முனிரத்தினம், கரும்பு விவசாயி. சில மாதங்களுக்கு முன் நெஞ்சடைப்பு வந்து திருப்பதியில் சேர்த்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் தெலுங்கில் சொன்னது: "உப்பு தக்கிஞ்சண்டி." குறையுங்கள் என்று பொருள். உப்பு இரண்டு மொழியிலும் உப்புதான். தப்பாகப் புரிய வழியில்லை. ஆனால் அந்த ஊரில் உப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, குடத்தில் வெள்ளையாகப் படியும், பெயரே உப்புத்தண்ணி. குவைத்தில் டிரைவராக இருந்த மகன் உடனே மெஷின் வாங்கச் சொன்னான். எங்கள் சேல்ஸ்மேன் போர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்து, தண்ணீர் பழுப்பானதும், "பாருங்க, இவ்ளோ உப்பு ஒடம்புக்குள்ள போவுது" என்றான். பழுப்பு, கம்பியில் இருந்த இரும்பு. அதை அவன் சொல்லவில்லை.

நான் போய், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன். போர் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல். மெஷின் தண்ணீர் நாற்பது. மெஷினில் குறை இல்லை. முனிரத்தினத்துக்குத்தான் இரண்டு காலும் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி கன்னியம்மா கேட்டார்: "இன்னொரு வாட்டி அட்டாக்கு வந்தா ஆளு தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. உங்க மிஷினு உப்ப எடுக்குதா, இல்ல சும்மா சத்தம் போட்டுக்கினு கீதா?"

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்குது."

"அப்ப இவருக்கு எங்கேர்ந்து உப்பு ஏறுது?"

மீட்டரைத் துடைத்துப் பையில் வைத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது, துன்னுட்டுப் போ தம்பி என்றார் கன்னியம்மா. சோறு, கருவாட்டுக் குழம்பு, அந்த வருடத்து மாங்காய் ஊறுகாய். ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதேம்மா."

"இன்னா பண்றது? மிஷினு தண்ணி சப்புன்னு கீது. சோத்துக்கு ருசியே இல்லன்றாரு. அதான் ஒலையில ஒரு கை கூடப் போடறேன்."

முனிரத்தினம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தண்ணிலதான் உப்பே இல்லியே. ஊறுகா துன்னா இன்னா ஆவும்?"

சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கம்பெனி வேனிலேயே இருவரையும் திருப்பதிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கன்னியம்மா டாக்டரிடம் நேராகவே கேட்டார்: "எந்த உப்பு சார்?"

"பப்புல, கொழம்புல போடற உப்பும்மா. வேற எது?"

சில நாள் வைத்திருந்து, நீர் இறக்கி அனுப்பினார்கள். போர் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும். அப்படிப்பட்ட தண்ணீர் குடிக்கும் ஊர்களில் இதய நோய் சற்றுக் குறைவு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை என்று வேறு சிலர். இரண்டையும் படித்திருக்கிறேன். முடிவாகச் சொல்ல ஆளில்லை. மெஷினில் ஒரு திருகு உண்டு; அதைத் திருப்பினால் போர் தண்ணீர் கொஞ்சம் கலந்து வரும். அவர்கள் வீடு திரும்பியதும் போய், சோற்றுக்கு ருசி வரும் அளவுக்குத் திருப்பி வைத்தேன். ஊறுகாய் ஜாடியைக் கன்னியம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"மிஷின எத்துக்கினு போ, ஊறுகாய வுட்டுட்டுப் போ," என்றார் முனிரத்தினம்.

அதன் பிறகு எந்த வீட்டிலும், இது உப்பை எடுக்கும் என்று நான் சொன்னதில்லை. சுண்ணாம்பை எடுக்கும், சோற்று உப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பேன். விற்பனைக்கு இது நல்லதில்லை என்றார் மேனேஜர்.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது முனிரத்தினம் கரும்புக் கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். காலில் வீக்கம் இல்லை, மூச்சும் வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.