பதினோராம் படி

கணிதத் துறையில் அவருக்கு ‘ஒத்தவரி’ என்று பெயர். மாணவர் எண்பது பக்கம் எழுதிக் கொடுத்தாலும், மேலே சிவப்பு மையில் ஒரே வரிதான் எழுதுவார்: “இது கணிதமல்ல.” முப்பது வயதில் நிறுவிய ஒரு தேற்றம் அவரைப் பேராசிரியராக்கியது. அதன்பின் தேற்றம் எதையும் நிறுவவில்லை, ஆட்களை நிறுவினார். எந்தக் கல்லூரியில் கணித வேலை காலியானாலும் தேர்வுக் குழுவில் அவர் இருப்பார், இல்லையென்றால் அவருடைய மாணவர் இருப்பார்.

அவரிடம் ஆய்வு செய்த தையல்காரர் மகள், மூன்றாம் ஆண்டில், அந்தத் தேற்றத்தின் பதினோராம் படியில் ஓட்டையைக் கண்டாள். அவர் அறைக் கரும்பலகையில் ஓர் உதாரணத்தோடு எழுதிக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தவர், தானே எழுந்து அழித்தார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார்.”

“சொல்லாத. நோட்டை வெச்சிட்டுப் போ, பாக்கறேன்.” அறையில் இருந்த இன்னொரு ஆய்வு மாணவனிடம் திரும்பினார். “நீயும்தான்ப்பா.”

ஐந்து வருடம் பார்த்தார். கேட்கும்போதெல்லாம், “அவசரப்படாதம்மா” என்பார். ஆய்வுக்கான கெடு முடிந்தது. பட்டமில்லாமல் வெளியேறியவள் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, ஒரே பாடத்தை நாளுக்கு ஆறு வகுப்புகளில் நடத்தினாள்.

மறு வருடம் அவருடைய கட்டுரை வந்தது. தன் பழைய தேற்றத்தில் பிழை இருப்பதாகத் தானே அறிவித்துத் திருத்தியிருந்தார். காட்டிய உதாரணம் அவளுடையது, குறியீடுகள்கூட அவளுடையவை. “இந்த வயசுலயும் என்ன நேர்மை!” என்று துறையே மெச்சியது.

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், அது என்னோடது.”

“ஆமா, உன்னோடதுதான்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “போய்ச் சொல்லேன். எட்டு வருஷம் இருந்தும் பட்டம் வாங்காதவ பேச்சை யார் கேப்பா?”

“என் நோட்டையாவது குடுங்க.”

“எந்த நோட்டு?”

அன்று உடனிருந்தவன் இப்போது அங்கேயே விரிவுரையாளர். நடைபாதையில் அவனைப் பிடித்தாள்.

“நீ பாத்தியேப்பா, போர்டுல எழுதினேனே?”

“எனக்கு ஞாபகமில்லக்கா.”

பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தான். அழுதது அவன்தான். அவள் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

ஒத்தவரி நோய்நொடியில்லாமல் எண்பத்தொன்றுவரை வாழ்ந்து, தூக்கத்தில் போனார். புதிய அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். திறப்பு விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசியவன் அந்த விரிவுரையாளன்தான். நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தியதில் தையல்காரர் மகளுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பாடம் நடத்துகிறாள்.